அக்கினிச்சட்டியும் சோம்பு டப்பாவும்

மாசி 5, செவ்வாய்

டாக்டரம்மா எழுதச் சொல்லியிருக்கிறாள். எப்போது இருமல் வருகிறது, சளி என்ன நிறம், எந்த வேலை செய்தால் மூச்சு வாங்குகிறது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அடுத்த மாதம் வர வேண்டுமாம். என் மகள் கார்த்தீஸ்வரியைவிடச் சின்னவள். “எழுதத் தெரியுமாம்மா?” என்று வேறு கேட்டாள். பள்ளிக்கூடத்தில் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லைதான். பலசரக்குக் கடைப் பொட்டலத் தாளைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். ஆனால் இந்த வீட்டில் பால் கணக்கு, சலவைக் கணக்கு, ஒரு டப்பா எந்தத் தேதியில் திறந்தது எந்தத் தேதியில் தீர்ந்தது என்பதுவரை என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அவள் கையெழுத்தைத்தான் மருந்துக் கடைக்காரனாலும் படிக்க முடியவில்லை.

நோய்க்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று பெயராம். “குணமாகாதும்மா. ஆனா கட்டுக்குள்ள வச்சுக்கிட்டா நல்லா வாழலாம்” என்றாள். புளித்துப் பொங்கி வழிந்த மாவைக் கையில் கொடுத்து, இதிலும் நல்ல தோசை சுடலாம் என்கிற மாதிரி.

“வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா?”

“குடிப்பாரு. என்னைய ஊதச் சொன்ன அந்தக் குழாயில அவரையும் ஊதச் சொல்லுங்க.”

ஊதினார். அறுபது தாண்டிய ஆளுக்கு மூச்சு அருமையாக இருக்கிறதாம். மீசை முளைத்த நாள் முதல் பீடி குடித்தவர் நெஞ்சு வெண்கலமாக இருக்கிறது. வாழ்நாள் முழுக்க விபூதி பூசி அடுப்படியில் நின்ற என் நெஞ்சு ஓட்டை. விறகுப் புகைதான் காரணமாம். சோறு பொங்கியது குற்றம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மாரியாத்தா, உன் நியாயத்தை நான் பிறகு பேசிக்கொள்கிறேன்.

இரண்டு பம்ப் கொடுத்திருக்கிறாள். ஒன்று காலையும் இரவும் தவறாமல் இழுக்க வேண்டியது. மற்றது மூச்சு முட்டினால் மட்டும்.

மாசி 6, புதன்

இருமல்: உண்டு. சளி: வெள்ளை. மூச்சு வாங்கியது: இல்லை.

மாடிக்கு வடகம் காயப்போடப் போகும்போது நடுப்படியில் நின்றேன். அது மூச்சுக்காக இல்லை. பக்கத்து வீட்டு முருங்கை காய்த்திருக்கிறதா என்று பார்த்தேன். காய்க்கவில்லை. அவர்கள் ராசி அப்படி.

மாசி 12, செவ்வாய்

மூச்சுப் பயிற்சி வகுப்பாம். எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு பெண் சொல்லித் தருகிறாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக ஊத வேண்டும். “எதிர்ல மெழுகுவத்தி இருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்கம்மா. சுடர் ஆடணும், அணையக் கூடாது.”

ஊதுகுழலைப் பிடித்து ஈரக் கருவேல விறகை எரிய வைத்தவள் நான். எனக்கு ஊதக் கற்றுக் கொடுக்கிறாள். இந்தப் பெண் கேஸ் அடுப்பையாவது பற்ற வைத்திருப்பாளா என்பதே சந்தேகம்.

இவரும் துணைக்கு வந்து, யாரும் கேட்காமலே என் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். திருவிழாவில் பலூன் விற்கிறவனைப் போல.

“உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு ஊதுறீங்க?”

“நீ மறந்துட்டீன்னா வீட்ல யாரு சொல்லித் தருவா?”

எனக்கு மறக்குமாம். சட்டைப் பொத்தானை ஏறுக்கு மாறாகப் போட்டுக்கொண்டு வந்தவர் சொல்கிறார்.

மாசி 15, வெள்ளி

வீட்டுக்குள் புகையே கூடாதாம். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும். வெள்ளிக்கிழமையில் சாம்பிராணி மணக்காத வீட்டில் என் மாமியார் உயிரோடு இருந்தவரை பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. டாக்டரம்மாவுக்காக நான் ஆத்தாளைப் பட்டினி போடவா?

தணலை எடுத்து வைத்தேன். இவர் வந்து தூபக்காலைப் பிடுங்கிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே நின்று, பூஜை அலமாரி இருக்கும் ஜன்னலுக்கு நேராகப் புகை காட்டினார். கோயில் வாசலைக் கண்டால் செருப்பு வாரை மாட்டுகிற சாக்கில் வெளியிலேயே நின்றுவிடுகிற மனிதர். எதிர் வீட்டுக்காரி கொசுவுக்கா என்று கேட்டாளாம். ஆமாம் என்றாராம். ஆத்தாளைக் கொசுவாக்கிவிட்டார்.

இருமல்: குறைவு. அது தற்செயல்.

மாசி 19, செவ்வாய்

போன மாதக் கடைசியில் பிரித்த தீப்பெட்டி இன்னும் பாதிகூடத் தீரவில்லை. முன்பெல்லாம் இவர் என் பூஜைத் தீப்பெட்டியை எடுத்துப் போய்ப் பீடி பற்றவைத்து, காலிப் பெட்டியைத் திரும்ப வைப்பார். கத்திக் கத்தி என் தொண்டை போனதற்குப் பலன் தெரிகிறது. சிக்கனம் என்றால் என்ன என்று இந்த வயதில் கற்றிருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் போய் நிற்கிறார். சும்மாவே நிற்கிறார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாத பிள்ளையைப் போல இருக்கிறது.

மாசி 21, வியாழன்

சோம்பு டப்பா கால்வாசிக்கு வந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்தான் நிரப்பினேன். எலி சோம்பு தின்னுமா?

மாசி 24, ஞாயிறு

எலி இல்லை, ராஜாமணியாகத்தான் இருக்கும். இவருடைய தங்கை. வாராவாரம் வந்து அடுப்படி டப்பாக்களைத் திறந்து பார்க்கிற வழக்கம் அவளுக்கு உண்டு. இன்று செல்போனில் நாலு வைத்தியம் கொண்டுவந்தாள்.

“மதினி, கழுதப் பால் ஒரு சங்கு குடிச்சா நெஞ்சு கண்ணாடியாயிருமாம். நம்ம தெருவுக்கே ஓட்டிட்டு வாறான்.”

“உங்க அண்ணன்கூட இத்தன வருஷம் இருந்துட்டேன். இனிமே கழுதப் பால் வேற எதுக்கு?”

இவர் சிரித்தார். தன்னைச் சொன்னது புரிந்தும் சிரிக்கிறவரை என்ன செய்ய?

பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. “பங்குனி வருது மதினி. இந்த வருஷம் அக்கினிச்சட்டிய நான் எடுக்கட்டுமா? நீங்க எதுக்குச் செரமப்பட்டுக்கிட்டு?”

கார்த்தீஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தாள். அவள் கண் திறந்தால், என் கால் நடக்கிறவரைக்கும் வருஷம் தவறாமல் சட்டி எடுக்கிறேன் என்று ஆத்தாளிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு பங்குனியும் விட்டதில்லை. எரிகிற சட்டியை ஏந்திக்கொண்டு நான் வரும்போது தெருவே ஒதுங்கி வழிவிடும். அதை இவளிடம் தூக்கிக் கொடுக்க வேண்டுமாம்.

“நீ காத்தாடிக்குக் கீழ நின்னு தோச சுடுறவ. நெருப்பு உனக்கு எதுக்குத்தா? போ, போய்க் கழுதப் பால் குடி.”

சத்தம் போட்டதில் மூச்சு இரைத்தது. அவள் முன்னால் பம்ப்பை எடுக்கவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டிவிட்டு, உள்ளே வந்துதான் எடுத்தேன்.

பங்குனி 3, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் சேலை. ஒருவேளைச் சாப்பாடு. விளக்கேற்றி முடிகிறவரை வாயில் தண்ணீர்கூடப் படாது. திருவிழா முடிய மூன்று வாரம், கறி மீன் இல்லாத சமையல்தான். இவரும் வாயைத் திறக்காமல் அதையே சாப்பிடுகிறார். சமைப்பது நான் என்பதால் வேறு வழியும் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். வாய் வழியாக உள்ளே போவது எதுவானாலும் விரதம் விரதமில்லை. பம்ப்பும் வாய் வழியாகத்தான் போகிறது. இழுத்த பிறகு வாய் கொப்புளிக்கச் சொல்லியிருக்கிறாள். கொப்புளிக்க வேண்டும் என்றால் எச்சில் பட்டதாகத்தானே அர்த்தம்? காப்பை அவிழ்க்கிறவரை தினப்படி பம்ப் வேண்டாம். அலமாரியில் மஞ்சள் பைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் குசுகுசுப்பார்.

பங்குனி 5, வியாழன்

பம்ப் இல்லாமலே நேற்றும் இன்றும் நன்றாக இருக்கிறேன். மூன்று வீதி சுற்றினேன். ராஜாமணியின் வாசல் வழியாக, வேண்டுமென்றே. இந்த மருந்தெல்லாம் கம்பெனிக்காரன் பிழைக்கச் செய்வது என்று எனக்கு முதலிலேயே தெரியும். ஆத்தாளுக்கு மேல் ஒரு டாக்டரா?

பங்குனி 7, சனி

கோயில் தெருவில் புதிதாகத் தார் போட்டு ஒரேயடியாக மேடாக்கி வைத்திருக்கிறார்கள். மனிதர் நடக்கிற தெருவா அது? ஒப்பந்தக்காரன் நன்றாக இருப்பானா?

குடங்களையும் இப்போது பெரிதாக வார்க்கிறான்கள்.

பங்குனி 9, திங்கள்

தலையணையைக் குறைவாகப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறான். இரண்டு போட்டும் தலை நிற்கவில்லை. உட்கார்ந்தே தூங்கினேன். சளி மஞ்சள். மஞ்சள் ஆத்தாளுக்கு உகந்த நிறம்தான்.

பங்குனி 10, செவ்வாய்

காற்றே இல்லை. ஊரிலேயே காற்று இல்லை.

பங்குனி 14, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று.

புதன்கிழமை விடியும்போது முற்றத்தில் கோலமாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அவசர பம்ப்பை எடுக்க எழுந்திருக்க முடியவில்லை. இவர் என்னை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டாராம். ஒரு பை அரிசியைச் சிந்தாமல் தூக்கத் தெரியாத மனிதர். இடது காலில் என் செருப்பு, வலது காலில் தன் செருப்பு என்று மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்க நடந்திருக்கிறார்.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். புகை கூடாது என்றவர்களே புகை கொடுக்கிறார்கள். ஊசி போட வந்த நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துக் காப்பை வெட்டப் பார்த்தாள். பேச முடியவில்லை. ஆனால் என் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டாள்.

டாக்டரம்மா கேட்டாள்: “பம்ப்ப நிறுத்தச் சொன்னது யாரும்மா?”

“விரதம்.”

“விரதம் இருங்க, நான் வேண்டாங்கல. பம்ப் சாப்பாடு இல்லம்மா, மருந்து. அத நிறுத்தினா மொதல்ல ரெண்டு மூணு நாள் ஒண்ணும் தெரியாது. அதுதான் அதுல மோசம். அப்புறம் அக்கினிச்சட்டி, நெனச்சே பாக்காதீங்க. மூஞ்சிக்கு நேரா புகை. இன்னொரு தடவ இந்த மாதிரி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது.”

சாமி காரியத்தில் இவள் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

இவர்தான் சொன்னார். “அலமாரிய நான் பாத்திருக்கணும் டாக்டர். நான் பாக்கல.” குரல் கம்மிப் போயிருந்தது. பங்குனி வெயிலிலும் இந்த மனிதருக்குத் தொண்டை கட்டுகிறது.

பங்குனி 16, திங்கள்

தினப்படி பம்ப் அலமாரியில் இல்லை. இவர் சட்டைப் பையில் இருக்கிறது. விடிந்ததும் வந்து நீட்டுகிறார், இருட்டியதும் நீட்டுகிறார். காப்பு கையில் இருக்கும்போது தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டே இருக்கிறார். என்ன பிடிவாதம்! இவருக்கு முட்டி வலி உண்டு. அதற்காகத்தான் வாங்கி இழுத்தேன். விரதம் கெட்டது. கெட்டபின் காப்பு கையில் இருக்கக் கூடாது. நாளைக்குக் கோயிலில் போய்க் கழற்றிக் கொடுத்துவிடுவேன். சட்டி எடுக்காத முதல் பங்குனி. ராஜாமணி பாயசம் வைப்பாள்.

பங்குனி 17, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். இவர் வழக்கம்போல வெளியில் நின்றுகொண்டார். சன்னதியில் பூசாரி இருளப்பனைக் காணோம். மடப்பள்ளிப் பக்கம் போனேன். சுவரோரமாகத் திரும்பி நின்றிருந்தான். மடியிலிருந்து விபூதிப் பையை எடுத்தான். அதற்குள்ளிருந்து ஒரு பம்ப்பை எடுத்தான். என்னுடையதைப் போலவே. நன்றாக உதறி, வாயில் வைத்து இழுத்து, கண்ணை மூடி நின்றான். சொம்புத் தண்ணீரில் வாய் கொப்புளித்தான். பையை மடியில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன்போல ஆத்தாளுக்கு மாலை சாத்தப் போகப் பார்த்தான்.

“அடப்பாவி! காப்புக் கட்டின கையோடயா?”

திடுக்கிட்டுத் திரும்பினான். “அட, சீனியம்மாக்காவா? எப்பவுந்தான் இழுக்கேன். கர்ப்பகிரகத்துக்குள்ள கற்பூரப் புகையில நிக்கிறது யாரு, நீங்களா நானா?”

“விரதம்?”

“விரதம் வயித்துக்குக்கா. மூச்ச அடக்கணும்னு எந்த ஆத்தா கேட்டா? நான் மூச்சு முட்டி மாலையோட அவ மேலயே விழுந்தா, அதுதான் தீட்டு.”

பெரிய ஞானிதான். திருவிழாவில் உண்டியல் சாவியைத் தொலைத்துவிட்டு ஊரையே தேட வைத்தவன். ஆனாலும் திரும்பி ஆத்தாள் முகத்தைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் நின்று பம்ப் இழுக்கிறவன் கையால் தினமும் மாலை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். நான்தான் இத்தனை நாள் அவளைவிட ஆசாரம் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் விரதம் கெடவில்லை. சட்டியும் எடுக்கலாம் என்றேன்.

“அது மட்டும் ஆகாது. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தது ஊருக்கே தெரியும். உங்க கையில நான் நெருப்ப வைக்க மாட்டேன். வேற ஆள் எடுக்கட்டும். ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க எடுத்தா நேத்திக்கடன் சேந்துரும்.”

“யாரு இருக்கா? மக ஓசூர்ல இருக்கா.”

“நான் எடுக்கேன்” என்று பின்னால் குரல் கேட்டது. செருப்பு வாரை மாட்டுகிற மனிதர் வெறுங்காலோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஊர்ல காப்புக் கட்டின நாள்லருந்து விரதம் இருந்திருக்கணும். ஒரு பீடி குடிச்சிருந்தாலும் காப்பு கட்டக் கூடாது. ஒரு நாள் தாங்குவீங்களா நீங்க?”

இருளப்பன் போலீஸ்காரன் மாதிரி முகத்தை நீட்டினான். “ஊதுங்க மச்சான்.”

இவர் ஊதினார். உதட்டைக் குவித்து, மெதுவாக, அந்தப் பெண் வகுப்பில் சொல்லித் தந்தபடியே.

“சோம்பு வாசம்ல வருது” என்றான் இருளப்பன்.

“கறி?” அதையும் அவனே கேட்டான்.

“இவ சமையல்தான” என்றார். “கறிய கண்ணால பாத்து ரெண்டு வாரமாச்சு.”

காப்புக் கட்டிவிட்டான். வீடு வரும்வரை ஆட்டோவில் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்தினால் வாய் உலர்ந்திருந்தது.

பங்குனி 22, ஞாயிறு

பொங்கல். கோயில் திடல் முழுக்க விறகடுப்பு. நான் போகவில்லை. ராஜாமணி பொங்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அடிப்பிடித்திருந்தது. சொன்னேன். அவளும் “நல்லா ஊதி எரிக்க ஆளில்ல மதினி” என்றாள். முழுவதும் சாப்பிட்டேன். பிரசாதத்தை மிச்சம் வைக்கக் கூடாது.

பங்குனி 23, திங்கள்

சட்டி எடுத்தார்.

மஞ்சள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மேலே பெல்ட் போட்டிருந்தார், அக்கினிச்சட்டிக்குப் பெல்ட் போட்ட முதல் ஆள். வேப்பிலைக் கொத்தைக் கையில் அணைத்து, சட்டியை வைத்து, நெய் ஊற்றினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டார். “கண்ணத் தொறங்க, நெருப்பு உங்க கையிலதான் இருக்கு, பாத்து நடங்க” என்றேன். நான் காற்று வருகிற பக்கமாக, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கடைசி இரண்டு தெரு மட்டும் கூட நடக்க உத்தரவு. டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கியது. கிளம்பும் முன் பம்ப் இழுத்தேன், உருமி மேளக்காரனுக்கு முன்னாலேயே. பார்க்கட்டும்.

இத்தனை வருஷம் சட்டியை ஏந்தி நான்தான் போயிருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை, அதன் பின்னால் இருக்கிற முகம் மட்டும் நீரில் ஆடுவதுபோல ஆடுகிறது.

கோயில் தெரு மேட்டில் பாதியில் எனக்கு நடை நின்றுவிட்டது. சொல்லவில்லை. முருங்கை பார்ப்பதற்கும் அங்கே மரமில்லை. இவர் இரண்டு எட்டு முன்னால் போயிருந்தார். எப்படித் தெரிந்ததோ, நின்றார். எரிகிற சட்டியோடு நடுத்தெருவில் நிற்கக் கூடாது. கீழே வைக்கவும் முடியாது. பின்னால் சட்டிகள் வரிசையாக வந்து முட்டின. இளவட்டங்கள் சத்தம் போட்டார்கள்.

“என்ன பெரியப்பா, கனக்குதா?”

“கை சுடுதாக்கும்! அவருக்கு எதுக்கு இந்த வேல?”

ஓரமாக நின்ற ராஜாமணிகூடச் சிரித்தாள்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சத்தமாகச் சொன்னார்: “ஆமாப்பா, சுடுது. தாங்க முடியல. செத்த நேரம் நின்னு வாறேன், நீங்க முந்துங்க.”

கை சுட்டால் ஆள் நிற்க மாட்டான், ஓடுவான். சட்டி எடுத்தவளுக்குத் தெரியாதா அது? ஊரெல்லாம் சிரிக்க, நெருப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் முழங்காலில் கையை ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து ஊதினேன். ஈர விறகுக்கு ஊதுகிற மாதிரிதான். அவசரப்பட்டால் பற்றாது. கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் வழி விட்டது.

“நடங்க” என்றேன்.

நடந்தார். ஆத்தாள் முன்னால் சட்டியை இறக்கியபோது உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. வேப்பிலையைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை. எதற்கும் லாயக்கில்லாத மனிதர்.

பங்குனி 24, செவ்வாய்

இருமல்: கொஞ்சம். சளி: வெள்ளை. மூச்சு வாங்கியது: உண்டு. நேற்று, கோயில் தெரு மேட்டில். தெருவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எப்போதும் அந்த மேடுதான்.

தினப்படி பம்ப்: காலை, இரவு.

இவர் கைக்குக் களிம்பு தடவினேன். ஐயோ அம்மா என்று ஊரைக் கூட்டினார்.

சோம்பு டப்பாவை நிரப்பி, மேல்தட்டிலிருந்து எடுத்து இவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பூஜைத் தீப்பெட்டி இன்னும் தீரவில்லை.